99 சென்ட்டில் ஒரு செவ்வாய்

பதிப்பகங்களின் பதிலுக்குக் காத்திருக்காமல், தங்கள் கதையைத் தாங்களே வெளியிட்ட அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள்: அவர்களின் உழைப்பும் கணக்கும்

அந்த நாவலின் விலை 99 சென்ட். எழுதியவர் அதை இலவசமாகக் கொடுக்கத்தான் நினைத்தார். அவருடைய சொந்த இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக அது இலவசமாகவே கிடைத்தது. கிண்டில் மின்னூல் கருவியில் படிக்கிற மாதிரி போட்டுக் கொடுங்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். அமேசானில் ஏற்றப் போனால், அங்கே ஓர் எழுத்தாளர் தன் நூலுக்கு வைக்கக்கூடிய மிகக் குறைந்த விலையே 99 சென்ட்தான். அதையே வைத்தார். மூன்று மாதத்தில் 35,000 பிரதிகள் விற்றன.

நாவலின் பெயர் 'தி மார்ஷியன்'. எழுதியவர் ஆண்டி வெய்ர், கலிஃபோர்னியாவில் வேலை பார்த்த ஒரு மென்பொருள் நிரலாளர். அந்த நாவலை இணையதளத்தில் இலவசமாகப் பெற்றுக்கொண்டவர்களைவிடக் காசு கொடுத்து வாங்கியவர்களே அதிகம் என்று பிறகு அவர் சொன்னார். இலவசமாகக் கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? பழக்கமான கடையில், கைக்கு எட்டும் இடத்தில், ஒரே சொடுக்கில் கிடைத்தால் வாங்குவார்கள். சுயபதிப்பு என்னும் தொழிலின் முதல் பாடம் அவருக்கு அப்படித்தான் கிடைத்தது.

2013 மார்ச்சில் கிரவுன் என்ற பெரிய அமெரிக்கப் பதிப்பகம் அந்த நாவலின் அச்சுரிமையை ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அதே வாரத்தில் திரைப்பட உரிமைக்கான பேச்சும் முடிந்தது. 2014 பிப்ரவரியில் அச்சு நூல். 2015 அக்டோபரில் ரிட்லி ஸ்காட் இயக்கத்தில், மேட் டேமன் நடிப்பில் படம். உலகம் முழுவதும் 60 கோடி டாலருக்கு மேல் வசூல். 7 ஆஸ்கர் பரிந்துரைகள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், லாட்டரியில் பரிசு விழுந்த கதை போல. பரிசு விழுவதற்கு முன்னால் கழிந்த ஆண்டுகளில்தான் எழுத வருகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது.

மூடிய கதவும் திறந்த மேசையும்

வெய்ர் 1972-ல் பிறந்தவர். தந்தை துகள் முடுக்கி இயற்பியலாளர், தாய் மின்பொறியாளர். 15 வயதிலேயே சாண்டியா தேசிய ஆய்வகத்தில் நிரல் எழுதும் வேலைக்குப் போனார். பிறகு கல்லூரியில் கணினி அறிவியல் படித்தார். பட்டம் பெறும் முன்பே வெளியேறினார். பிளிசார்ட் நிறுவனத்தில் வீடியோ கேம், ஏஓஎல் நிறுவனத்தில் மென்பொருள் என்று வேலைகள் மாறின. ஏஓஎல் ஆள்குறைப்பு செய்தபோது கையில் கொஞ்சம் பணம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு மூன்று வருடம் முழுநேரமாக எழுதினார். வேறொரு நாவல் முடிந்தது; அதை ஏற்றுக்கொள்ள ஏஜென்ட் யாரும் முன்வரவில்லை.

அமெரிக்கப் பதிப்புலகில் ஏஜென்ட் இல்லாமல் பெரிய பதிப்பகத்தின் வாசலைத் தாண்டுவது கடினம். எழுத்தாளர் ஏஜென்டுக்குக் கடிதம் போடுவார், ஏஜென்ட் பதிப்பாசிரியரிடம் பேசுவார், பதிப்பாசிரியர் விற்பனைப் பிரிவைக் கேட்பார். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியிலேயே வெய்ர் நின்றுபோனார். மறுபடியும் மென்பொருள் வேலைக்குத் திரும்பினார். எழுதுவதை மட்டும் விடவில்லை. பிழைப்புக்கு என்றில்லாமல், தன் இணையதளத்தில் கதைகளைப் போட்டு வந்தார். சில ஆண்டுகளில் சுமார் 3,000 வாசகர்கள் அவரைத் தொடர்ந்து படிக்கிறவர்களாகச் சேர்ந்திருந்தார்கள். 2009-ல் 'தி மார்ஷியன்' தொடராக ஆரம்பித்தது அவர்களுக்காகத்தான்.

வாராவாரம் தொடர்கதைக்குக் காத்திருந்து பழகிய தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதல்ல. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வந்தபோது அடுத்த வாரத்துக்காக ஊரே காத்திருந்தது. வெய்ருக்குக் கிடைத்த வாசகர்களிடம் கூடுதலாக ஒன்று இருந்தது. அவர்களில் வேதியியல் தெரிந்தவர்களும் இயற்பியல் படித்தவர்களும் இருந்தார்கள். கணக்கு தவறினால் உடனே எழுதினார்கள்.

கதையின் நாயகன் மார்க் வாட்னி ஒரு தாவரவியலாளர். செவ்வாயில் தனியாகச் சிக்கிக்கொண்டு உருளைக்கிழங்கு பயிரிடுகிறான். பயிருக்குத் தண்ணீர் வேண்டும். கலத்தின் எரிபொருளான ஹைட்ரஸீன் மிச்சம் இருக்கிறது. அதை இரிடியம் வினையூக்கியின் மேல் விட்டால் நைட்ரஜனும் ஹைட்ரஜனுமாகப் பிரியும். ஹைட்ரஜனை ஆக்சிஜனில் எரித்தால் தண்ணீர். காகிதத்தில் எளிது. வெப்பம் எவ்வளவு வரும், எரியாமல் மிஞ்சும் ஹைட்ரஜன் அறைக்குள் தேங்கினால் என்ன ஆகும் என்பதெல்லாம் வேதியியல் தெரிந்தவருக்கு உடனே தோன்றும் கேள்விகள். அப்படிப்பட்ட வாசகர்கள் பிழை காட்டிய இடங்களை வெய்ர் திருத்தினார். அச்சுக்குப் போகும் முன்பே அந்த நாவல் ஆயிரக்கணக்கான கண்களைக் கடந்துவிட்டிருந்தது.

விண்கலத்தின் பாதைக்காக அவர் தனி மென்பொருளே எழுதினார். கதையில் வரும் ஹெர்மீஸ் கலம் அயனி இயந்திரத்தால் விடாமல், மிக மெதுவாக வேகம் கூட்டிக்கொண்டே போகிறது. அது எப்போது கிளம்பினால் எப்போது செவ்வாயை அடையும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் கதையின் நாள்கள் முடிவாயின. படிக்கிறவர் கண்ணுக்கு அந்த நிரலின் ஒரு வரிகூடத் தெரியாது. அதன் உறுதி மட்டும் தெரியும்.

அறிந்தே வைத்த பிழையும் உண்டு. வாட்னியைச் செவ்வாயில் தனியாளாக்குவது ஒரு புழுதிப் புயல். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். அங்கே எவ்வளவு வேகமாகக் காற்றடித்தாலும் மனிதனைத் தூக்கி வீச அதற்குப் பலம் போதாது. வெய்ருக்கு இது தெரியும். இயற்கையே முதல் அடியை அடிக்க வேண்டும் என்பதற்காக வைத்துக்கொண்டதாக வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நூறு இடங்களில் கணக்கைச் சரியாகப் போட்டவருக்கு வாசகர்கள் அந்த ஒரு இடத்தை மன்னித்தார்கள். எல்லா இடத்திலும் மழுப்புகிறவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

முதலில் நடந்தவர்கள்

வெய்ர் முதல் ஆள் இல்லை. அமெரிக்காவின் ஜான் ஸ்கால்சி 'ஓல்ட் மேன்ஸ் வார்' நாவலை 2002 கடைசியில் தன் இணையதளத்தில் தொடராகப் போட்டார். டோர் பதிப்பகத்தின் பதிப்பாசிரியர் பேட்ரிக் நீல்சன் ஹேடன் அதைப் படித்துவிட்டுத் தானே வந்து கேட்டார். 2005-ல் அச்சு நூலானது.

அதே 2002-ல் ரஷ்ய இளைஞர் ஒருவர் வேறொரு நாவலை இணையத்தில் இலவசமாகப் போட்டார். டிமிட்ரி குளுகோவ்ஸ்கியின் 'மெட்ரோ 2033'. அணு ஆயுதப் போருக்குப் பின் மாஸ்கோவின் பாதாள ரயில் நிலையங்களே ஊர்களாகவும் நாடுகளாகவும் ஆகிவிட்ட உலகம் அது. பதிப்பகங்கள் மறுத்த கதை. வாசகர்கள் கருத்துச் சொல்லச் சொல்ல அதை மாற்றி வளர்த்தார். 2005-ல் அச்சில் வந்தது. 2010-ல் வீடியோ கேம் ஆகி ரஷ்ய மொழி தெரியாதவர்கள் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

வெய்ருக்குப் பிறகு வந்த பெக்கி சேம்பர்ஸின் வழி வேறு. அவர் அப்போது தனித்தனிக் கட்டுரை வேலைகளை எடுத்துச் செய்து பிழைத்தவர். பாதியில் நின்ற நாவலை முடிக்க அவருக்கு வேண்டியது சில மாத அவகாசம். 2012-ல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் வாசகர்களிடம் நேரடியாகப் பணம் கேட்டார், கிடைத்தது. 'தி லாங் வே டு எ ஸ்மால், ஆங்ரி பிளானட்' 2014-ல் அவருடைய சொந்த வெளியீடாக வந்தது. பிரிட்டனில் புதுமையான புனைகதைகளுக்கு வழங்கப்படும் கிட்சீஸ் விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற முதல் சுயபதிப்பு நாவல் அது. ஹாடர் அண்டு ஸ்டவுட்டன் அதை வாங்கி 2015-ல் வெளியிட்டது. அந்த நாவலில் தொடங்கிய 'வேஃபேரர்ஸ்' வரிசை 2019-ல் சிறந்த நாவல் வரிசைக்கான ஹ்யூகோ விருது பெற்றது. அறிவியல் புனைகதை உலகில் ஹ்யூகோவைவிடப் பெயர்பெற்ற விருது இல்லை.

விற்க மறுத்த உரிமை

ஒப்பந்தம் என்ற சொல்லைச் சுயபதிப்பு எழுத்தாளர்கள் புதிதாகப் படிக்கக் கற்றுக்கொண்டது ஹ்யூ ஹவியிடம்.

ஹவி முன்பு படகு ஓட்டியவர். பணக்காரர்களின் சொகுசுப் படகுகளுக்கு கேப்டனாக இருந்தார். கூரை வேய்ந்திருக்கிறார். வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகப் புத்தகக் கடையில் வேலை பார்த்தபோது, காலையிலும் மதிய உணவு நேரத்திலுமாக எழுதினார். முதல் நாவல் 2009-ல் ஒரு சிறு பதிப்பகம் மூலம் வந்தது. அதன் பிறகு தானே வெளியிடுவது என்று முடிவு செய்தார்.

2011 ஜூலையில் 'வூல்' என்ற நெடுங்கதையைக் கிண்டிலில் 99 சென்ட்டுக்குப் போட்டார். பூமிக்கு அடியில் பல மாடி ஆழத்துக்கு இறங்கும் ஒரு குழல் நகரம். வெளியே காற்றே நஞ்சு. வெளியே போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னவரை வெளியே அனுப்பிவிடுவதே தண்டனை. பெரிதாக விளம்பரம் எதுவும் செய்யவில்லை. படித்தவர்கள் பிறரிடம் சொன்னார்கள், விற்பனை மாதத்துக்கு மாதம் ஏறியது. அடுத்தது எங்கே என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. ஹவி கையில் இருந்த வேறு வேலைகளை ஒதுக்கிவிட்டு மேலும் நான்கு பகுதிகள் எழுதினார். 2012 ஜனவரியில் ஐந்தும் ஒரே தொகுப்பாயின. 2013 தொடக்கத்துக்குள் விற்பனை 5 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

பெரிய பதிப்பகங்கள் வந்தன. ஏழிலக்க டாலர் தொகைகள் பேசப்பட்டன. ஹவி மறுத்தார். மின்னூல் ஏற்கெனவே நன்றாக விற்றுக்கொண்டிருந்தது; அதைக் காலத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட அவருக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. கடைசியில் சைமன் அண்டு ஷூஸ்டர் வட அமெரிக்காவில் அச்சு நூல் உரிமையை மட்டும் வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. மின்னூல் உரிமை எழுத்தாளரிடமே நின்றது. அந்தத் தொகை ஏழிலக்கத்துக்குக் குறைவு, உரிமை குறையவில்லை. அறிமுக எழுத்தாளர் ஒருவர் அப்படி ஒரு ஒப்பந்தம் போடுவது அதுவரை அரிது. 2023 மே மாதம் 'சைலோ' என்ற பெயரில் அந்தக் கதை ஆப்பிள் டிவி பிளஸ் தொடராக வந்தது.

ஹவியின் பேரம் பலித்ததற்குக் காரணம் அவருக்கு வேறு வழி இருந்ததுதான். ஒப்பந்தம் வேண்டாம் என்றாலும் மறுநாள் காலை அவர் நூல் விற்கும். பதிப்பகத்தின் முன்னால் எழுத்தாளர் கையேந்தாமல் உட்கார்ந்து பேசிய இடம் அது.

காசுக் கணக்கு

இதெல்லாம் எப்படிச் சாத்தியமானது? 2007 நவம்பரில் கிண்டில் கருவி வந்தபோதே, எழுத்தாளர்கள் தாங்களே நூலை ஏற்றும் வழியையும் அமேசான் திறந்தது. ஆனால் 2010 நடுவில் செய்த ஒரு மாற்றமே பலரை அந்தப் பக்கம் திருப்பியது. 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை விலை வைத்தால் எழுத்தாளருக்கு 70 சதவீதம். அந்த வரம்புக்குக் கீழோ மேலோ போனால் 35 சதவீதம்.

பென்சில் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். 99 சென்ட் நூலில் எழுத்தாளருக்குக் கிடைப்பது சுமார் 35 சென்ட். 2.99 டாலர் நூலில் சுமார் 2.09 டாலர். விலை மூன்று மடங்கு. வருமானம் ஆறு மடங்கு. 35,000 பிரதிகள் 99 சென்ட்டில் விற்றாலும் கைக்கு வருவது ஏறத்தாழ 12,000 டாலர்தான். அமெரிக்காவில் அதை வைத்து ஒரு வருடம் குடும்பம் நடத்த முடியாது. ஆகவே இன்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 99 சென்ட்டைத் தூண்டில் விலையாகத்தான் வைக்கிறார்கள். நாவல் வரிசையின் முதல் நூல் மலிவு; பிடித்துப்போனவர் இரண்டாவது, மூன்றாவது நூலை முழு விலைக்கு வாங்குவார். அறிவியல் புனைகதையில் தனி நாவலைவிட வரிசை நாவல்கள் அதிகம் வருவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

2014-ல் வந்த கிண்டில் அன்லிமிடெட் கணக்கை மறுபடி மாற்றியது. மாதச் சந்தா கட்டினால் எத்தனை நூல் வேண்டுமானாலும் படிக்கலாம். 2015 ஜூலை முதல், வாசகர் உண்மையில் எத்தனை பக்கம் படித்தார் என்று பார்த்து எழுத்தாளருக்குப் பணம் கொடுக்கிறார்கள். பக்கத்துக்கு அரை சென்ட்கூட வராது. இதில் சேரும் மின்னூலை அந்தக் காலத்தில் வேறெந்தக் கடையிலும் விற்கக் கூடாது. வாசகர் பாதியில் மூடிவைத்தால் மீதிப் பாதிக்குக் காசில்லை. அத்தியாயத்தின் கடைசியில் கேள்வி ஒன்றைத் தொங்கவிடும் பழைய தொடர்கதை உத்திக்கு இப்போது பக்கத்துக்குப் பக்கம் கூலி.

ஒலிநூல் இன்னொரு வருமான வழி. 'தி மார்ஷியன்' நாவலைப் பெரிய பதிப்பகம் வாங்கும் முன்பே அதன் ஒலி உரிமையை வாங்கியது போடியம் என்ற சிறிய கனடா நிறுவனம். ஆர்.சி. ப்ரே குரலில் வந்த அந்தப் பதிவு 2015-ல் ஒலிநூல்களுக்கான ஆடி விருது பெற்றது. நெடுந்தூரம் கார் ஓட்டுகிறவர்களும் இரவுப் பணிக்காரர்களும் காதால் படிக்கும் வாசகர்களாக வந்தார்கள். கனடாவின் முன்னாள் நிரலாளர் டென்னிஸ் டெய்லரின் 'வீ ஆர் லீஜன்' நாவலுக்கும் 2016-ல் கூட்டத்தைக் கூட்டியது ரே போர்ட்டரின் குரல்தான்.

ஒருவருக்கு ஆறு வேலை

பதிப்பகம் என்ற கட்டடம் இல்லாமல் போகலாம். அதற்குள் நடந்த வேலைகளை யாராவது செய்துதான் ஆக வேண்டும்.

முதல் வேலை எழுதுவது. இரண்டாவது, திருத்துவது. இதுவே மூன்றாகப் பிரியும்: கதையின் கட்டுமானத்தைப் பார்ப்பது ஒன்று, வாக்கியத்தைச் செப்பனிடுவது ஒன்று, அச்சுப்பிழை பார்ப்பது ஒன்று. மூன்றையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்தால் மூன்றுமே அரைகுறையாகும். எழுதியவரே செய்தால் நிலைமை இன்னும் மோசம். தான் எழுத நினைத்ததைத்தான் அவர் கண் படிக்கும், எழுதியிருப்பதைப் படிக்காது. நிலைத்து நிற்கும் சுயபதிப்பு எழுத்தாளர்கள் கையிலிருந்து செலவழிக்கும் முதல் பணம் எடிட்டருக்குத்தான் போகிறது.

அறிவியல் புனைகதையில் இதற்கு மேல் ஒரு சுமை உண்டு. பூமியிலிருந்து ஒரு வானொலிச் செய்தி செவ்வாயை அடைய, இரு கோள்களும் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் ஆகும். அங்கே ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடம். ஒரு நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் செவ்வாயிலிருப்பவரும் பூமியிலிருப்பவரும் தொலைபேசியில் பேசுகிற மாதிரி சட்சட்டென்று பேசிக்கொண்டால், விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே நூலை மூடிவிடுவார். பல நூல்களாக நீளும் வரிசையில் கலத்தின் வேகம், கோள்களின் தொலைவு, பாத்திரங்களின் வயது, எந்த ஆண்டில் எந்தப் போர் என்பதெல்லாம் மாறாமல் நிற்க வேண்டும். எனவே பலர் தங்கள் உலகத்துக்குத் தனிக் குறிப்பேடு வைத்திருக்கிறார்கள். வெளியீட்டுக்கு முன்பே நம்பகமான சில வாசகர்களுக்குக் கைப்பிரதி போகிறது. அவர்களில் பொறியாளரோ மருத்துவரோ ஒருவராவது இருந்தால் நல்லது.

மூன்றாவது வேலை அட்டை. கைப்பேசித் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியும் படத்தைப் பார்த்தே இது விண்வெளிப் போர்க் கதையா, இருண்ட எதிர்காலக் கதையா என்று வாசகர் முடிவு செய்கிறார். நான்காவது, பின்னட்டைச் சுருக்கம். முந்நூறு பக்க நாவலை எழுதியவர்கள் இந்த நூறு சொல்லுக்கு முன்னால் திணறுகிறார்கள். ஐந்தாவது, மின்னூலாகவும் அச்சு நூலாகவும் பக்கங்களை வடிவமைப்பது. ஆறாவது, விலை வைப்பதும் விளம்பரமும் வரவுசெலவும்.

இத்தனையையும் இவர்களில் பலர் பகல் வேலைக்கு இடையில்தான் செய்கிறார்கள். சைலோவும் செவ்வாயும் அப்படி மிச்சம் பிடித்த மணி நேரங்களில் கட்டப்பட்டவை.

வெள்ளமும் முதலைகளும்

வாசல் எல்லோருக்கும் திறந்திருப்பதால் எல்லாமும் உள்ளே வருகிறது. எடிட்டர் கண் படாத நூல்கள், தலைப்பை மட்டும் மாற்றிய நகல்கள். இப்போது இயந்திரம் எழுதித் தள்ளும் பக்கங்களும் சேர்ந்துகொண்டன.

அந்த வெள்ளத்தின் அளவை உலகுக்கு முதலில் காட்டியது ஓர் அறிவியல் புனைகதை இதழ். 2023 பிப்ரவரி 20-ம் தேதி, அமெரிக்காவின் 'கிளார்க்ஸ்வேர்ல்டு' இதழ் கதைகள் வாங்குவதையே நிறுத்தி வைத்தது. அந்த மாதம் அதுவரை வந்த சுமார் 1,200 கதைகளில் ஏறத்தாழ 500 இயந்திரம் எழுதியவை என்று ஆசிரியர் நீல் கிளார்க் தெரிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அமேசானும் விதிகளை இறுக்கியது: செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய உள்ளடக்கம் இருந்தால் நூலை ஏற்றும்போது தெரிவிக்க வேண்டும், ஒருவர் ஒரு நாளில் புதிதாக ஏற்றும் நூல்களுக்கு மூன்று என்ற வரம்பு. ஒரு நாளைக்கு மூன்று நூல் என்பதையே கட்டுப்பாடாக வைக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

புதியவர்களைக் குறிவைக்கும் இன்னொரு ஆபத்து பழையது. பதிப்பகம் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு எழுத்தாளரிடமே லட்சக்கணக்கில் வாங்கும் நிறுவனங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு வருமானம் வாசகரிடமிருந்து வருவதில்லை, எழுத்தாளரிடமிருந்து வருகிறது. நூல் விற்றாலும் விற்காவிட்டாலும் கவலையில்லை. அட்டைக்கும் திருத்தத்துக்கும் தனித்தனியாக, இன்ன வேலைக்கு இன்ன கூலி என்று பேசிக் கொடுப்பது வேறு. மொத்தமாகப் பணத்தைக் கொடுத்து உரிமையையும் எழுதிக் கொடுப்பது வேறு. கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்த நூலின் உரிமை நாளை யாரிடம் இருக்கும்?

ஜீனோவின் ஊரில்

தமிழில் அறிவியல் புனைகதைக்கு வாசகர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1980-களில் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஜீனோ என்ற இயந்திர நாய் தமிழ் வீடுகளில் செல்லப்பிள்ளையானது. பிறகு அந்த நாவல் தூர்தர்ஷன் தொடரானது. 'மீண்டும் ஜீனோ' என்று கதையும் தொடர்ந்தது. எழுதிய சுஜாதா, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். பகலில் இயந்திரம், மற்ற நேரத்தில் கதை. வெய்ர் செய்ததும் அதைத்தான். ஜெயமோகன் 'விசும்பு' தொகுப்பில் சித்த மருத்துவம், மரபு ஞானம் பக்கமிருந்து அறிவியல் கதைக்கு வேறொரு வாசல் திறந்து காட்டினார். இந்த வகை எழுத்து தமிழில் பெருகாமல் போனதற்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. வார இதழ்களில் தொடர்கதைக்கான பக்கங்கள் சுருங்கின. அறிவியல் கதை என்றால் விற்குமா என்று பதிப்பாளர்கள் தயங்கினார்கள்.

அந்தத் தயக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. 2016 டிசம்பரில் கிண்டில் தமிழ் உள்பட ஐந்து இந்திய மொழிகளுக்கு வந்தது. 2018-ல் அமேசானின் 'பென் டு பப்ளிஷ்' போட்டி தமிழுக்கும் விரிந்தது; அதற்காகவே முதல் நூலை எழுதி வெளியிட்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஓர் எழுத்தாளர் தன் நூலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் ஒன்றே ஒன்று வாங்க 125 டாலர் கட்ட வேண்டும். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே கொடுக்கிறது. அச்சிலும் ஐம்பது, நூறு என்று தேவைக்கேற்ப அடித்துக்கொள்ள முடிகிறது. பரணில் ஆயிரம் பிரதிகளை அடுக்கிவைத்துக் கரையானுக்குக் கொடுத்த காலம் முடிந்தது.

தடைகளும் உண்டு. இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அமேசானுக்கு மட்டுமே அந்த மின்னூலைக் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் 35 சதவீதம்தான். தமிழில் தொழில்முறை எடிட்டர்கள் குறைவு. ஒருவர் எழுதிய கதையின் அறிவியலைச் சரிபார்த்துச் சொல்லும் பழக்கம் அதைவிடக் குறைவு.

இந்தக் கடைசிக் குறையைத் தீர்க்கப் பணம் தேவையில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலும் மகேந்திரகிரியிலும் கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் வேலை பார்க்கும், பார்த்து ஓய்வு பெற்ற தமிழர்கள் எத்தனையோ பேர். திரவ எரிபொருள் இயந்திரத்தைக் கையால் தொட்டவர்களும் அவர்களில் உண்டு. பள்ளிகளில் இயற்பியல் சொல்லித்தரும் ஆசிரியர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் எழுத வரலாம். எழுத வராதவர்கள் படிக்க வரலாம். வெய்ரின் நாவலைச் செப்பனிட்டவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். அவர்களில் யாரும் அதற்காகச் சம்பளம் வாங்கவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தமிழில் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் தானே வெளியிட்ட அறிவியல் புனைகதை ஐம்பது ரூபாய்க்கோ நூறு ரூபாய்க்கோ கண்ணில் பட்டால், காசு கொடுத்து வாங்குங்கள். முழுதாகப் படியுங்கள். படித்து முடித்ததும் எழுதியவருக்கு நான்கு வரி எழுதுங்கள்: எந்த இடத்தில் மூச்சு நின்றது, எந்த இடத்தில் கணக்கு தவறியது என்று. அவர் இரண்டாவது நூலை எழுதுவதற்கு அந்த நான்கு வரி போதும்.